சம்பந்தியின் காலில் கட்டிய சிவப்பு நூல்

சீவலப்பேரிக்குக் கீழே ஆற்றின் இரு கரையிலும் குடியிருக்கும் சகலமான பேருக்கும், குடக்கூலி இல்லாமல் எங்கள் வேப்பமரத்தில் குடியிருக்கும் காக்கைகளுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எங்கள் வீட்டுப் புள்ளிப் பெட்டை தன் வாழ்வின் முதல் முட்டையை இட்டு முடித்தாள். தாயும் முட்டையும் சுகம். இட்ட இடம் என்னுடைய பூகோளப் புத்தகம். விரித்து வைத்திருந்த படத்தில் கடல்கள், கண்டங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நேரே இங்கிலாந்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுந்தபோது அந்தத் தேசம் நனைந்து கிழிந்து போயிருந்தது. வாத்தியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். லீவு முடிந்து விடுதிக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது; யோசனைக்கு ஒன்றும் அவசரமில்லை.

அறிவிப்பு முடிந்தது. தமுக்கைக் கீழே வைக்கிறேன். மதினி, இனி உங்களோடு பேச்சு.

முட்டையைக் கையில் எடுத்தேன். சூடு ஆறவில்லை. நீங்கள் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்ணில் ஒற்றினேன், பிறகு மறு கண்ணில். புதிதாக இட்ட முட்டையைக் கண்டால் உங்களால் அப்படிச் செய்யாமல் இருக்க முடியாது. அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி, அம்மா எத்தனை சத்தம் போட்டாலும் சரி, கண் இரண்டும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. நான் கேலி செய்தபோது, "காசில்லாத வைத்தியம், கொழுந்தரே. உமக்கும் ஒரு கண்ணுக்குத் தாரேன், வாரும்" என்றீர்கள். அன்றைக்கு மாட்டேன் என்று ஓடினேன். இன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

கடுதாசி எழுதுவதற்கு எதிரே ஆள் இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் எழுத்து வேலை பார்க்கும் அண்ணனுக்கு நான் மாதாமாதம் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு அவன் பதில் போடுவதை நிறுத்திவிட்டான். அவன் இருக்கிறான், பதில் வருவதில்லை. நீங்கள் இல்லை, உங்களிடமிருந்தும் வரப்போவதில்லை. ஆகவே உங்களுக்கு எழுதுவதில் எனக்குப் புதிதாக நஷ்டம் இல்லை.

ராஜாவுக்கு முடிசூட்டு என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். சாத்தான்குளத்துப் பக்கத்துத் தேரிமணலைக் கடந்து வந்த வண்டி எங்கள் வாசலில் நின்றதும், பெண்ணுக்கு முன்னால் ஒரு ஓலைக் கடகம்தான் இறங்கியது. மூடி போட்டுக் கட்டியிருந்த கடகம். உபதேசியார் வாசலில் நின்று மணமக்களுக்காக ஜெபம் தொடங்கி, "கர்த்தாவே" என்றார். கடகத்துக்குள்ளிருந்து ஒரு கூவல். அவர் சற்று நிறுத்தி மறுபடியும் "கர்த்தாவே" என்றார். மறுபடியும் கூவல். பெரியவர்கள் எல்லாரும் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. நீங்கள் தலையைக் குனிந்தபடி ஒரு கையால் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முகம் கல்யாணப் பெண்ணின் முகமாகத்தான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குலுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் இந்த மதினி என் கட்சி என்று முடிவு செய்துவிட்டேன்.

கடகத்தைத் திறந்ததும் வெளியே வந்தவர் என் முழங்காலுக்கு மேல் இருந்தார். செம்பட்டு உடம்பு, கறுத்த நெஞ்சு, வாலில் ஒரே ஒரு வெள்ளைச் சிறகு. பெண் வீட்டிலிருந்து வந்தவரை வேறு எப்படி அழைப்பது? சம்பந்தி என்று பேர் வைத்தேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நிஜமான சம்பந்தி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "சம்பந்தி அடுப்படியில எச்சம் போட்டுட்டாரு" என்று நான் கொல்லையிலிருந்து கத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மறுநாள் காலையில் எங்கள் ஊர்க் கோழிகளை நீங்கள் பார்த்தீர்கள். தெருவில் மேய்ந்துகொண்டிருந்தவற்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது கோழியா, காடையா கொழுந்தரே?" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்தது. ஊர் மானத்தைக் காக்க, எங்கள் ஊர்ச் சேவல்களைப் பார்க்கவேண்டுமானால் பண்டிகைக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். அப்படிச் சொன்னபோது நோய் எது என்பதை நானே காட்டிக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. நெல், வாழைத்தார், தேங்காய், கோழி என்று விளைந்தது எல்லாவற்றிலும் காணிக்கை. கோழியில் பழுதில்லாத சேவலைத்தான் கொடுக்கவேண்டும். ஆகையால் குஞ்சு பருவம் தாண்டும்போதே, இருப்பதில் பெரியது எது, துடியானது எது என்று பார்த்து, அதன் காலில் சிவப்பு நூலைக் கட்டிவிடுவார்கள். கட்டிய சேவலை வீட்டில் யாரும் அறுக்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள். பண்டிகையன்று அது கூடையில் கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம். இருப்பதிலேயே பெரிய சேவலைக் கடைக்கார அண்ணாச்சி எடுப்பார். மத்தியானம் அவர் வீட்டுப் பக்கமிருந்து மசாலா வாசம் வரும். வீட்டில் மிஞ்சி நிற்பது நூல் கட்ட லாயக்கில்லாத நோஞ்சான் சேவல். அடுத்த வருஷத்துக் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன். இப்படியே எத்தனை காலமாகவோ கோழி சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணாச்சி மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருத்தார்.

இதை ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நீங்கள் அம்மாவுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள்: "நல்லதைக் குடுத்துட்டு நொள்ளைய வளத்தா, அடுத்த வருசம் ஆண்டவருக்கும் நொள்ளைதான அத்தை."

அம்மா கீரைத் தண்டை ஒடித்தாள்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் நடந்த யுத்தங்களைத் தனியாக எழுதினால் எனக்குத் தாள் போதாது. அதுவரை எங்கள் வீட்டுக் கோழிகள் முருங்கைமரத்தில்தான் தூங்கின. மரநாய்க்கு எது பிடிக்குமோ அதை அது கொண்டுபோகும், எங்களுக்கு எது மிஞ்சுமோ அது எங்களுக்கு. நீங்கள் வந்து பனைமட்டையைக் கீறி, நாலு கல்லின் மேல் தரையிலிருந்து உயர்த்திக் கூடு கட்டினீர்கள். மூலையில் சாம்பலைக் கொட்டி, கோழிகள் அதில் புரண்டு பேனை உதிர்க்க இடம் வைத்தீர்கள். சிறு குஞ்சுகளைப் பருந்து தூக்காமல் இருக்க மூங்கில் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினீர்கள். பழைய கலயத்தில் சாணியும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, மண்ணில் குப்புற வைப்பீர்கள். மறுநாள் புரட்டினால் உள்ளே கரையான் கொதிக்கும். அதைக் கொட்டியதும் குஞ்சுகள் விழுந்து கொத்துகிற வேகம் இருக்கிறதே, பண்டிகைப் பந்தியில் நான்கூட அப்படி விழுந்ததில்லை. "வீடு அரிக்காம இருக்கணும்னு ஊரே கரையானை ஒழிக்கி. இவ கலயம் வச்சு வளக்கா" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நீங்கள் கோழிக்கு வாக்கப்பட்டவள் என்றும், அண்ணன் சும்மா பேருக்கு என்றும் சொன்னாள்.

உங்களுக்கும் தப்பாகிப்போனது உண்டு. மார்கழிக் குளிருக்குப் பயந்து ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் எல்லாவற்றையும் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்து மூடினீர்கள். புகை முட்டி எல்லாம் செத்தன. அம்மா வாயைத் திறக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள். நியாயமாக அன்றைக்குத்தான் அவள் ஆடியிருக்கவேண்டும். ஏன் ஆடவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சம்பந்தி வந்து தாளின் ஓரத்தைக் கொத்திவிட்டுப் போகிறார். அவரைப் பற்றி எழுதுவது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கிழவராகிவிட்டார். கூவலில் பாதி காற்று. அதிகாரம் மட்டும் குறையவில்லை.

பேசும் சேவல் ஞாபகம் இருக்கிறதா மதினி? பண்டிகைக்கு முன்னால் அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து, எந்தச் சேவலை ஏலத்தில் எடுக்கலாம் என்று நெஞ்சுச் சதையை அமுக்கிப் பார்ப்பார். நீங்கள் வந்த பிறகு அவர் முதல் காரியமாக எங்கள் கொல்லைக்கு வந்தார். அவர் வருவதைப் பார்த்து, உங்கள் பெரிய பஞ்சாரத்துக்குள் நான் குறுகி உட்கார்ந்து மேலே சாக்கைப் போட்டுக்கொண்டேன். அவர் குனிந்து கையை உள்ளே விடப்போன சமயம், அடித்தொண்டையில் சொன்னேன்: "அண்ணாச்சி, இந்த வருசம் என்னையவா திங்கப் போறீரு வே?"

அண்ணாச்சி வாய்க்காலைத் தாண்டிய தாண்டலை ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குடையை மறுநாள்தான் ஆள் விட்டு எடுத்துக்கொண்டார். நீங்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு எழுந்து என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். சிரித்ததற்கும் அடித்ததற்கும் நடுவில் உங்களுக்கு இடைவெளியே கிடையாது.

அந்தப் பண்டிகையில்தான் சண்டை தொடங்கியது. எல்லார் கூடைகளும் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. எங்கள் கூடையை நீங்கள் கொண்டுபோய் வைத்தீர்கள். உள்ளே எங்கள் வீட்டின் இரண்டாவது சேவல். நோயில்லை, நொடியில்லை, ஆனால் இரண்டாவது. உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுப் பெரிய சேவல எங்க?"

"வீட்டுல நிக்கி, அய்யா."

"நல்லது வீட்டுக்கு, ரெண்டாவது கோயிலுக்கா?"

"விதைநெல்ல எடுத்து வச்சிட்டுத்தான அய்யா எல்லாரும் காணிக்கநெல்லு அளக்காவ. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லுததில்லையே."

"நெல்லும் கோழியும் ஒண்ணா?"

"ரெண்டும் மொளைக்கணும்லா."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் மாற்றவில்லை. உபதேசியாரின் முகம் கறுத்தது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பின்னால் வாந்திபேதி வந்தபோது ஊரில் எல்லாரும் கதவை அடைத்துக்கொண்ட நாளில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். ஆனால் கோயில் நடுவில் ஒரு பெண் தன்னைப் பேச்சில் மடக்கியது அவருக்குத் தாங்கவில்லை. ஆண்டவருக்கு வஞ்சகம் செய்தவள் மனஸ்தாபப்பட்டு அந்தச் சேவலைக் கொண்டுவரும்வரை நற்கருணைக்கு உங்கள் பேரைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு, பாளையங்கோட்டையிலிருந்து குருவானவர் வந்து நற்கருணை கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பெண்கள் எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள். நீங்கள் மட்டும் பெண்கள் பக்கத்துப் பின்தூணோரம் உட்கார்ந்திருப்பீர்கள். பாட்டை மட்டும் எல்லாரையும்விட உரக்கப் பாடுவீர்கள். முழங்காலில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்கு இது உறைக்கவே இல்லை என்று ஊர் நினைத்தது. ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்காலில் கால் கழுவும் சாக்கில் முகத்தையும் கழுவினீர்கள். கேட்டதற்குத் தூசி என்றீர்கள். மழை பெய்த மறுநாள் தூசி.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சேவலைக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். கையிலிருந்த தண்ணீரை உதறிவிட்டுச் சொன்னீர்கள்: "குடுத்தா எம்பேரு நிக்கும். குடுக்காட்டா ஊரு பூரா கோழி நிக்கும். எது நிக்கணும்னு நீரே சொல்லும்."

நானும் குனிந்து, அழுக்கில்லாத காலைக் கழுவ ஆரம்பித்தேன்.

இந்த ஊரின் யோக்கியதையையும் எழுதவேண்டும். கிணற்றடியில் உங்களைத் திட்டிய அதே பெண்கள், ஆண்கள் வயலுக்குப் போன மத்தியான வேளையில் எங்கள் கொல்லைப்புறம் வழியாக ஒவ்வொருவராக வந்தார்கள். மடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு முட்டை. அதைக் கொடுத்துவிட்டுச் சம்பந்தி வம்சத்து முட்டை ஒன்றை வாங்கி, தங்கள் வீட்டு அடைக்கோழியின் கீழ் வைக்கக் கொண்டுபோனார்கள். முட்டைக்கு முட்டை, வேறு பேச்சில்லை. நீங்கள் ஒரே ஒரு கட்டளைதான் போட்டீர்கள்: பொரிக்கிற குஞ்சில் நல்ல சேவலுக்கு நூல் கட்டாமல் விதைக்கு வைத்துவிட்டு, அடுத்ததைக் கோயிலுக்குக் கொடுக்கவேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகளில் உபதேசியார் வீட்டம்மாவின் தலையும் ஒன்று. அவர் போனதும் நான் அவரைப்போல முக்காடு போட்டு நடித்துக் காட்டினேன். "பாவம்லே, பயந்துக்கிட்டு வாரவள நடிச்சுக் காட்டாத" என்றீர்கள். அன்றைக்குச் சிரிப்பு இல்லாத அடி.

பிறகு ஐப்பசி மழை. ஆறு கரை மீறியது. கிணறெல்லாம் கலங்கியது. பேதி வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. காலையில் கூட்டைத் திறந்துவிட்டது நீங்கள்தான். பொழுது சாயும்போது உங்கள் குரல் பாயோடு ஒட்டிக்கிடந்தது. தினமும் அந்த நேரத்தில் கேட்பதைத்தான் கேட்டீர்கள்: "கூட்டை அடச்சாச்சா?" அடச்சாச்சு என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் கேட்கவில்லை.

மழை விட்டதும் பேச்சு முளைத்தது. காணிக்கையை வைத்துக்கொண்டவளை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று கிணற்றடி சொன்னது. ஏன் மதினி, எங்கள் தெருவில் பேதி கொண்டுபோன மற்றவர்களெல்லாம் யார்? ஒழுங்காக நூல் கட்டி, ஒழுங்காகக் கூடையில் வைத்து, ஒழுங்காக ஏலம் விட்ட வீட்டுக்காரர்கள். அவர்களை எதற்காக எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்டேன். வயசுக்கு மீறின பேச்சு என்றார்கள். வயசு போதாதவனுக்குத் தெரிகிற கணக்கு உங்களுக்குத் தெரியவில்லையே என்றேன். அதற்கு விழுந்த அறையின் சத்தம் இன்னும் இந்தக் காதில் இருக்கிறது. கேள்வியும் அங்கேயே இருக்கிறது. அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

பண்டிகை நெருங்கிய ஒரு காலையில், அப்பா கொல்லையில் குனிந்து சம்பந்தியின் காலில் சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை.

"இது எதுக்குப்பா?" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்காகத்தாம்லே. போன எடத்துலயாவது அவளத் தனியா உக்கார வைக்காம இருக்கட்டும்."

"அப்பம் அவ்வோ செஞ்சது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிடுதியளா?"

அப்பா முடிச்சைப் போட்டு முடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக உங்களோடு ஓயாமல் பேசியவளுக்கு, நீங்கள் போனதும் பேச்சே நின்றுவிட்டிருந்தது.

அந்த நூலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. சேவல் ஏலத்துக்குப் போனால் நீங்கள் செய்தது திருட்டு என்று ஊர் முத்திரை குத்திவிடும். அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பெண்ணும் நல்ல சேவலை விதைக்கு வைக்கத் துணியமாட்டாள். மறுபடியும் காடை. உயிரைக் கொடுத்தாவது இதை நடக்கவிடமாட்டேன் என்று முருங்கைமரத்தின் மேல் ஆணையிட்டேன். முருங்கையில் ஆணையிட்டது ஏன் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்த மரம் அதுதான்.

இப்போது கேளுங்கள், உங்கள் கொழுந்தனின் பராக்கிரமத்தை.

பண்டிகையன்று காலை, எல்லாரும் புறப்படுவதற்கு முன்னால் சம்பந்தியைத் தூக்கி ஒளித்துவைத்துவிட்டேன். எங்கள் கூடையில் அவருடைய பேரன் ஒருவன் போய் உட்கார்ந்தான். கோயில் நிறைந்திருந்தது. உபதேசியார் எங்கள் கூடையைத் திறந்தார், மூடினார். "பெரிய சேவல எங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் எழுந்தேன், மதினி. கோயிலில் ஓலை விசிறிகூட அசையவில்லை. சொன்னேன்:

"அது வராது. அது எங்க வீட்டுப் பிள்ள விதைக்கு வச்சது. இங்கன இருக்குத கூடையெல்லாம் தொறந்து பாருங்க. எல்லாக் கூடையிலயும் வெள்ளச் சிறகு. எல்லாம் சம்பந்தி பிள்ளைய. நல்லத வீட்டுல வச்சிட்டு ரெண்டாவதத்தான எல்லாரும் கொண்டாந்திருக்கிய? அவ சொல்லிட்டுச் செஞ்சா. நீங்க சொல்லாமச் செஞ்சிய. தனியா உக்காரணும்னா எல்லாரும் போய் உக்காருங்க. நான் இந்தா போறேன்."

சொல்லிவிட்டு நேரே நடந்து, பெண்கள் பக்கத்துப் பின்தூணோரம், நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். உபதேசியார் ஒரு கூடையைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். தன் வீட்டுக் கூடைக்கு வந்ததும் கை நின்றது. முன்வரிசையிலிருந்து அவர் வீட்டம்மா எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்தூணோரம் வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். உபதேசியார் திறந்த கூடைகளை ஒவ்வொன்றாக மூடினார். பிறகு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பாடுவோம் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஏலம் நடந்தது. அண்ணாச்சி சம்பந்தியின் பேரனைத்தான் எடுத்தார். அதுவே பழைய நாளின் முதல் சேவலைவிடப் பெரிசு என்று சப்புக்கொட்டினாராம்.

சப்புக்கொட்டினா'ராம்'. இந்த 'ராம்' எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முன்னாலேயே, ஆண்பிள்ளை ஒருவன் பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான் என்று எழுதினேனே, அங்கேயே கண்டுபிடித்துத் தோளைக் குலுக்க ஆரம்பித்திருப்பீர்கள். சரி. எழுதிவிடுகிறேன்.

எழுந்தது நான் இல்லை. அம்மா.

சம்பந்தியைத் தூக்கியதுவரை உண்மை. அவரை ஒளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திப் பேசவேண்டும் என்று முந்தின நாளிலிருந்து வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். கோயில் மணி அடித்தது. கால் கோயிலுக்குப் போகவில்லை, கூட்டுப் பக்கம் போனது. உங்கள் பெரிய பஞ்சாரத்துக்குள் சம்பந்தியை மடியில் வைத்துக்கொண்டு புகுந்து, சாக்கை இழுத்து மேலே போட்டுக்கொண்டேன். அண்ணாச்சியை வாய்க்கால் தாண்டவைத்த வாய் அது. அன்றைக்குச் சம்பந்தி கூவிவிடக்கூடாதே என்று அவர் அலகைப் பிடித்துக்கொள்வதற்குத்தான் பயன்பட்டேன். பாட்டுச் சத்தம் காற்றில் வந்தது. எல்லாம் முடிந்துபோய் ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். கோயிலில் நடந்ததை எல்லாம் பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னதில் 'அம்மா' என்று வந்த இடத்தில் 'நான்' என்று போட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை.

சாக்கை விலக்கிப் பஞ்சாரத்தைத் தூக்கியவள் அம்மா. "ஏலே, பேசுத சேவலு, வெளிய வா" என்றாள். சம்பந்திதான் முதலில் வந்தார். அவள் குந்தி உட்கார்ந்து, அவர் காலில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு அங்கேயே, சாம்பல் மூலையில், புதுச்சேலையோடு உட்கார்ந்து அழுதாள். நீங்கள் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

அன்றிலிருந்து யார் காலிலும் நூல் ஏறவில்லை. ஊர்க் கோழிகளைப் பார்த்தால் நீங்கள் இனிக் காடை என்று சொல்லமுடியாது. கரையான் கலயத்தை இப்போது அம்மாதான் கவிழ்க்கிறாள். யாராவது கேலி செய்தால் அடிக்கப் போகிறாள். கோழிக்கு வாக்கப்பட்டவள் என்று அவளைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதுவும் உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

பொழுது சாய்கிறது. புள்ளிப் பெட்டை வேப்பமரத்தடியில் கொட்டாவி விடுவதுபோல நிற்கிறாள். இந்த நேரம் வந்தால் உங்கள் கேள்வி வந்துவிடுகிறது. கொண்டுபோக எனக்கென்று நீங்கள் எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, அந்த ஒரு கேள்வியைத் தவிர. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட விடுதியில் படுத்திருக்கும்போதுகூட, கோழியே இல்லாத அந்த இடத்தில், அது கேட்கிறது.

அடச்சாச்சு, மதினி.

இல்லை. இன்னும் அடைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் கூடு திறந்துதான் கிடந்தது. சொல்லிவிட்டுத்தான் ஓடினேன். இதோ, இப்போதும் ஓடுகிறேன்.